துணிக்கூரை காரில் டயர் இரைச்சல்

கேள்வி: என்னிடம் இருப்பது நான்கு பேர் உட்காரும் சொகுசு கன்வர்ட்டிபிள். துணிக்கூரையை மூடிய பிறகும் 60 கி.மீ. வேகத்திலேயே ‘ஊ’ என்று முழக்கம் கேட்கிறது. பக்கத்து இருக்கையில் பேசுவதுகூடச் சரியாக விளங்கவில்லை. கூரையை மாற்றலாமா?

பதில்: தயவுசெய்து கூரையில் கை வைக்காதீர்கள். 60-இல் காற்றுச் சத்தம் பெரிதாக இருக்காது. 100-ஐத் தாண்டினால்தான் அது மேலோங்கும். என் சந்தேகமெல்லாம் டயர் மேல்தான். வழவழப்பான சாலையிலிருந்து சொரசொரப்பான சாலைக்கு வேகம் மாறாமல் ஓட்டிப் பாருங்கள். முழக்கம் சட்டென்று மாறினால் டயர்தான். சாலை எதுவானாலும் மாறாமல், வளைவில் மட்டும் கூடிக் குறைந்தால் வீல் பேரிங்காக (சக்கரம் தடையின்றிச் சுழல உதவும் பாகம்) இருக்கலாம். அதைத் தள்ளிப்போடக் கூடாது.

அடுத்து, டயரின் மேற்பரப்பை உள்ளங்கையால் முன்னும் பின்னும் தடவுங்கள். ஒரு திசையில் வழுக்கி, மறுதிசையில் ரம்பம் போலக் கீறினால் வீல் அலைன்மென்ட் (சக்கரங்கள் நிற்கும் கோணம்) பாருங்கள். அதைச் சரிசெய்தாலும் அப்படித் தேய்ந்துபோன டயர் கத்திக்கொண்டுதான் இருக்கும். பக்கச்சுவர் விறைப்பான ரன்ஃபிளாட் டயர் (காற்று இறங்கினாலும் கொஞ்ச தூரம் ஓடுவது) என்றால் அதிர்வைக் கூடுதலாகவே உள்ளே கடத்தும். புது டயர் வாங்கும்போது, லேபிளில் உள்ள டெசிபெல் கணக்கு வெளியே நின்று அளந்தது என்பதை நினைவில் வையுங்கள். உட்புறம் ஃபோம் ஒட்டிய டயர்கள் உண்டு. டயருக்குள் அடைபட்ட காற்று எழுப்பும் ரீங்காரத்தை அவை நன்றாகவே அடக்கும்.

இதற்கும் மசியாவிட்டால் பின் இருக்கையைக் கழற்றச் சொல்லுங்கள். கூரை மடங்கி இறங்கும் பள்ளம் அங்கேதான் இருக்கிறது. பின்சக்கரச் சத்தம் அந்த வழியாகத்தான் உள்ளே வரும். சக்கர வளைவுத் தகட்டில் பியூட்டைல் ஷீட் (அதிர்வை அடக்கும் ரப்பர் தாள்) ஒட்டினால் தகடு அதிராது. ஆனால் காற்று வழியே வரும் சத்தத்தை அது தடுக்காது. அதற்கு மேலே கனமான ரப்பர் விரிப்பும் வேண்டும். வேலை நடக்கும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். கூரைத் தண்ணீர் வடியும் குழாய்களை யாராவது ஃபோம் வைத்து அடைத்துவிட்டால் டிக்கியில் தண்ணீர் தேங்கும், வயரிங் கெடும். கூரை மடியும் பாதையிலும் எதையும் ஒட்டக் கூடாது.

அப்புறம் கண்ணாடி ஓர ரப்பர் பீடிங். ஒரு தாளை இடுக்கி, கண்ணாடியை ஏற்றி இழுத்துப் பாருங்கள். லேசாக உருவிக்கொண்டு வந்தால் அங்கே பிடிமானம் இல்லை. துடைத்துவிட்டு ரப்பருக்கான சிலிக்கோன் கிரீஸ் மெல்லிசாகத் தடவுங்கள். கிழிந்திருந்தால் பீடிங்கை மட்டும் மாற்றினால் போதும்.