பன் ஏன் கல்லாகத் தெரிகிறது? – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

தண்டையார்பேட்டையில் இருக்கிறேன். வயது 47. ஓராண்டாக மாலை நேரத்தில் பேக்கரிப் பண்டங்களை வரைகிறேன். வாங்கி வந்து தட்டில் வைத்து வரைந்துவிட்டு, அதையே டீயோடு சாப்பிடுவேன். இரண்டுமே எனக்கு ஆனந்தம். ஆனால் நான் வரையும் பன் கல்லைப் போல இருக்கிறது. பப்ஸ் மடித்த அட்டை போலிருக்கிறது. தேன் கேக்கைப் பார்த்து மகள் "செங்கல்லா?" என்று கேட்டாள். வட்டத் தட்டு மாங்கொட்டை மாதிரி இரு முனையும் கூர்ந்துவிடுகிறது. நிழலுக்குக் கறுப்பு தீட்டினால் எல்லாம் தீய்ந்த மாதிரி ஆகிவிடுகிறது. முடிப்பதற்குள் பப்ஸ் நமத்துப்போகிறது. போட்டோ எடுத்து வரையலாமா? முறையாகப் படிக்காதவனுக்கு இந்த வயதில் இது கைகூடுமா? ஆறு படங்களை இணைத்திருக்கிறேன்.

ஒரு தண்டையார்பேட்டை வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

படங்களைப் பார்த்தேன். கோடு தயங்காமல் ஓடியிருக்கிறது, அளவும் பெரும்பாலும் சரி. முக்கியச் சிக்கல் ஒன்றுதான். ஆறிலும் முதலில் சுற்றிலும் விளிம்புக்கோடு போட்டு, பிறகு உள்ளே ஒரே பழுப்பை நிரப்பியிருக்கிறீர்கள். பேக்கரிப் பண்டத்தின் முகம் அது வெந்த விதத்தில் இருக்கிறது. எங்கே சூடு நேராகப் பட்டது, எங்கே படவில்லை, எங்கே உப்பியது, எங்கே வெடித்தது என்று தெரிந்தால் எந்த இடம் கருமை, எந்த இடம் வெளிச்சம் என்று தானே விளங்கிவிடும். மாஸ்டரும் அடுப்பும் செய்து முடித்ததைத்தான் பென்சில் பின்தொடர்கிறது.

பன்னை எடுத்துக்கொள்வோம். உருட்டிய மாவைத் தட்டில் நெருக்கமாக அடுக்கி உப்பவிடுவார்கள். உப்பியதும் ஒன்றையொன்று முட்டும். முட்டிய பக்கத்தில் சூடு நேராகப் படாததால் அங்கே தோல் கட்டுவதில்லை. வெந்தபின் பிய்த்தெடுக்கும்போது அந்தப் பக்கம் வெளுப்பாக, நார்நாராகக் கிழிந்து நிற்கும். உச்சியில் முட்டையோ பாலோ தடவியிருப்பார்கள், அது செம்பழுப்பாகிப் பளபளக்கும். உச்சிக்கும் பக்கத்துக்கும் நடுவே பொன்னிறத்தில் ஒரு வளையம். அடியில் தகரத் தட்டைத் தொட்ட இடம் மறுபடி பழுப்பு. ஆக ஒரு பன்னுக்குள் நான்கு நிறங்கள். உங்கள் பன் உச்சியிலிருந்து அடிவரை ஒரே நிறமாக இருப்பதால்தான் கல்லாகத் தெரிகிறது.

வடிவத்திலும் ஒரு பிழை இருக்கிறது. அரைவட்டம் போட்டு அடியில் நேர்க்கோடு இழுத்திருக்கிறீர்கள். பன்னின் அதிக அகலம் அடியில் இல்லை. அதற்குச் சற்று மேலே இருக்கிறது. அங்கிருந்து கீழே உள்வாங்கித்தான் தட்டைத் தொடுகிறது. அந்த இடுக்கில் ஒரு மெல்லிய நிழல் தேங்கி நிற்கும். படத்திலேயே ஆக இருண்ட இடம் அதுதான். அந்தக் கோட்டை அழுத்திப் போட்டதுமே பன் தட்டின்மேல் உட்கார்ந்துவிடும், போடாவிட்டால் அந்தரத்தில் மிதக்கும். உயரத்தையும் அகலத்தையும் கண்ணால் ஊகிக்காதீர்கள். முழங்கை மடங்காமல் கையை நீட்டி, ஒரு கண்ணை மூடி, பென்சிலில் கட்டைவிரலால் குறித்து அளந்து பாருங்கள். நம் கண் உயரத்தைப் பெரும்பாலும் கூட்டியே சொல்லும்.

பப்ஸ் வேறு கணக்கு. மைதா மாவுக்குள் மார்ஜரினையோ வெண்ணெயையோ வைத்து மடித்து, தேய்த்து, மறுபடி மடிப்பார்கள். மூன்றாக மடிப்பதை ஆறு முறை செய்தால் 729 கொழுப்பு அடுக்குகள். எல்லாக் கடையிலும் அவ்வளவு மடிப்பதில்லை, ஆனால் முறை அதுதான். அடுப்பில் மாவிலுள்ள நீர் ஆவியாகிறது. நீர் ஆவியாகும்போது ஏறத்தாழ 1,600 மடங்கு விரியும். அந்த ஆவி தாள்களைத் தூக்குகிறது, நடுவிலிருக்கும் கொழுப்பு அவை ஒட்டிக்கொள்ளாமல் தடுக்கிறது. கத்தியால் வெட்டிய ஓரத்தில் மட்டுமே அடுக்குகள் விரிந்து தெரியும். மடித்த ஓரமும் விரலால் அழுத்தி ஒட்டிய ஓரமும் விரியாது. மேலே தடவிய முட்டை வெட்டிய ஓரத்தில் வழிந்திருந்தால் அந்த இடமும் ஒட்டிப்போய்ச் சப்பையாக நிற்கும்.

உங்கள் பப்ஸில் நான்கு பக்கமும் ஒரே மாதிரி வரிவரியாகக் கோடு போட்டிருக்கிறீர்கள். அதனால்தான் அட்டைக்கட்டு. வெட்டிய ஓரத்தை மட்டும் தேர்ந்தெடுங்கள். அங்கேயும் ஏழெட்டுக் கோடுகள் போதும். கோடுகள் இணையாக ஓடக் கூடாது. சில சேர்ந்து பிரியட்டும், ஒன்றிரண்டு பாதியில் நிற்கட்டும். இரண்டு அடுக்குக்கு நடுவே ஆவி விட்டுப்போன பொந்து இருந்தால் அதை மட்டும் 4பி என்ற மென்மையான, கருமை கூடிய பென்சிலால் நன்றாகக் கருக்குங்கள். மேல்தாள் கொஞ்சம் உடைந்து, இரண்டு மூன்று சிதறல்கள் தட்டில் கிடப்பதையும் வரையுங்கள். மொறுமொறுப்பைப் படத்தில் காட்ட அந்தச் சிதறல்களை விடச் சுருக்கமான வழி இல்லை.

முட்டை பப்ஸில் நடுப்புடைப்பு உள்ளேயிருக்கும் அரை முட்டையால் வருவது. மேல்தாள் அதன்மேல் இழுபட்டு மெலிந்து சீக்கிரம் சிவக்கும். ஆகவே அந்த மேடுதான் அதிகச் சிவப்பு.

பட்டர் பிஸ்கட்டின் வெடிப்பைக் கறுப்புக் கோடாகப் போட வேண்டாம். மேற்பரப்பு முதலில் காய்ந்து இறுகிவிடுகிறது, உள்ளே இருக்கும் மாவு பிறகு உப்பி அதைப் பிளக்கிறது. எனவே வெடிப்பு என்பது இரண்டு சுவர் உள்ள ஒரு சின்னப் பள்ளம். வெளிச்சம் இடப்பக்கம் மேலிருந்து வந்தால், பள்ளத்தின் இடச்சுவர் நிழலில் இருக்கும், வலச்சுவர் ஒளி வாங்கும். பள்ளத்துக்குள் நிறமும் வெளிறியிருக்கும், ஏனென்றால் அது பிந்தித் திறந்த இடம். ரஸ்க்கின் பொத்தல்களுக்கும் இதே விதி. உங்கள் ரஸ்க் படத்தில் பொத்தல்கள் கொப்புளமாகத் தெரிவதற்குக் காரணம், நிழலை வலப்பக்கம் போட்டுவிட்டீர்கள். இடப்பக்கம் மாற்றுங்கள், உடனே குழியும். இன்னொன்று, பொத்தல்கள் நடுவில் பெரிதாகவும் தோல் ஓரத்தில் பொடியாகவும் இருக்கும். சீராகப் புள்ளி வைத்தால் தேன்கூடு ஆகிவிடும்.

தேன் கேக் செங்கல் ஆனதற்கு அதன் நேரான ஓரங்களே காரணம். அது பாகு குடித்த பஞ்சு. பாகு கீழே இறங்கித் தேங்குவதால் பெரும்பாலும் அடி ஈரமாகக் கருத்திருக்கும், நடு வெளுத்திருக்கும், மேல்முனைகள் மழுங்கியிருக்கும். மேலே ஜாம் பளபளப்பதால் அங்கே இரண்டு மூன்று இடங்களில் தாளை வெள்ளையாகவே விட்டுவிடுங்கள். தேங்காய்ப்பூவை ஒவ்வொன்றாகச் சுற்றி வண்ணம் தீட்ட முயன்றிருப்பது தெரிகிறது, பாவம், எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்! அவ்வளவு பாடு வேண்டியதில்லை. ஜாமுக்குத் தீட்டிய வண்ணம் காய்ந்ததும் வெள்ளை போஸ்டர் கலரைத் தண்ணீர் அதிகம் விடாமல் கெட்டியாகத் தொட்டு வையுங்கள். சில துருவல்கள் ஓரத்தைத் தாண்டி வெளியே நீட்டட்டும்.

வண்ணத்துக்கு வருவோம். கறுப்பை டப்பாவிலிருந்து எடுத்து வேறெங்காவது வைத்துவிடுங்கள். யெல்லோ ஓக்கர் (மண்மஞ்சள்), பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு), பர்ன்ட் அம்பர் (அடர்பழுப்பு), அல்ட்ராமரின் ப்ளூ (அடர்நீலம்), க்ரிம்சன் லேக் (அடர்சிவப்பு) ஆகிய ஐந்தும் ஒரு பேக்கரியையே வரையப் போதும். ஐந்தும் நம் ஊர் மாணவர் தர டியூபிலேயே கிடைக்கின்றன. பன்னுக்கு முதலில் பளபளப்பு இடத்தை விட்டுவிட்டு மற்ற எல்லா இடத்திலும் தண்ணீராக ஓக்கர். அது ஈரமாக இருக்கும்போதே உச்சியில் சியன்னாவைத் தொட்டுவிடுங்கள். அது கீழே பரவி, அடுப்பு செய்த அந்தப் பொன் வளையத்தைத் தானே உண்டாக்கும். நன்றாகக் காய்ந்தபின் உச்சியில் மட்டும் கொஞ்சம் அம்பர். ட்யூப்லைட்டின் பளபளப்பு பன்மேல் ஒரு வளைந்த பட்டையாக விழும், புள்ளியாக விழாது. அந்தப் பட்டையின் ஒரு ஓரம் கூர்மையாக இருக்கட்டும், மறு ஓரத்தை ஈரத் தூரிகையால் கரைத்துவிடுங்கள்.

தட்டில் விழும் நிழலுக்கு அல்ட்ராமரினும் சியன்னாவும் கலந்த சாம்பல் நிறம். நீலம் சற்றுக் கூடுதலாக இருக்கட்டும். மஞ்சளும் பழுப்புமாக இருக்கும் பண்டத்துக்குப் பக்கத்தில் நீல நிழல் நின்றால்தான் பண்டம் சூடாகத் தெரியும். அமெரிக்க ஓவியர் வெய்ன் டீபோ (1920–2021) 1960களிலிருந்து கேக்கையும் ‘பை’ (pie) என்ற பேக்கரிப் பண்டத்தையும் வரிசை வரிசையாக வரைந்தவர். அவர் நிழல்களைப் பாருங்கள், துணிந்து நீலம். விளிம்புகளில் ஆரஞ்சும் பச்சையுமாக மெல்லிய கோடுகள் ஓடும். வெள்ளை எண்ணெய் வண்ணத்தை க்ரீம் தடவுவது போலவே தடித்துத் தடவியிருப்பார். பேக்கரிக் கண்ணாடி அலமாரியை ஓர் ஓவியர் வாழ்நாள் விஷயமாக எடுத்துக்கொள்ள முடியும் என்பதற்கு அவரைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை.

தட்டு மாங்கொட்டை ஆவதற்குக் காரணம் மேல் வளைவையும் கீழ் வளைவையும் தனித்தனியாகப் போட்டு முனையில் சேர்ப்பது. நீள்வட்டத்துக்கு முனையே கிடையாது, இரு பக்கமும் சின்னதாக வளைந்து திரும்பும். தாளைத் தொடாமல் கையை நான்கைந்து முறை சுற்றிவிட்டு, அதே ஓட்டத்தில் லேசாக இறக்குங்கள். விரலை அசைக்காமல் தோளிலிருந்து சுற்ற வேண்டும். டீ கிளாஸ் பக்கத்தில் இருந்தால் இன்னொரு விதி: வாய் வட்டம் ஒடுங்கியும் அடி வட்டம் அகன்று உருண்டும் தெரியும், ஏனென்றால் அடி நம் கண்ணுக்கு இன்னும் கீழே இருக்கிறது. அடியை நேர்க்கோடாகப் போடுவது பெரும்பாலோர் செய்யும் தவறு.

தாள் 300 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டருக்கு 300 கிராம் எடை) வாங்குங்கள். நீங்கள் பயன்படுத்துவது கார்ட்ரிட்ஜ் எனப்படும் மெல்லிய வரைதாள் என்று அதன் சுருக்கமே சொல்கிறது. பாரிமுனையில் ஆண்டர்சன் தெரு காகிதக் கடைகளுக்குப் பேர்போனது. 22க்கு 30 அங்குல முழுத்தாள் கிடைத்தால் எட்டாக வெட்டுங்கள், 7.5க்கு 11 அங்குலத்தில் எட்டுத் துண்டுகள். ஒரு பன்னுக்கு அது தாராளம்.

தண்டையார்பேட்டையில் கடல் காற்று இருக்கிறது, ஐப்பசி கார்த்திகையில் மழையும் சேர்ந்துகொள்ளும். வண்ணம் காய்ந்த மாதிரி இருக்கும், காய்ந்திருக்காது. அதன்மேல் இரண்டாம் பூச்சு போட்டால் தண்ணீர் முன்னதைத் தள்ளிக்கொண்டு போய் ஓரத்தில் பூக்கோசு போலத் திட்டுக் கட்டும். உங்கள் மூன்றாவது படத்தில் நடந்தது அதுதான். புறங்கையால் தாளைத் தொட்டுப் பாருங்கள், ஜில்லென்றிருந்தால் இன்னும் ஈரம். பொறுங்கள்.

அதே காற்றுதான் பப்ஸையும் நமக்க வைக்கிறது. வெளியிலிருந்து காற்றின் ஈரம், உள்ளேயிருந்து மசாலாவின் ஈரம், நடுவில் அந்த மெல்லிய தாள்கள் என்ன செய்யும்? பிளாஸ்டிக் கவரில் வாங்காதீர்கள், காகிதத்தில் சுற்றித் தரச் சொல்லுங்கள். வந்தவுடன் முதல் பத்து நிமிடத்தில் வெட்டிய ஓரத்தை மட்டும் வரைந்துவிடுங்கள். மற்றவற்றைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். க்ரீம் பன்னிலும் முதலில் க்ரீமின் விளிம்பு, அதன் பிறகுதான் பன். நிதானமாக இரண்டு நாள் வரைய ஆசைப்பட்டால் ரஸ்க், வர்க்கி, உப்பு பிஸ்கட் ஆகியவையே நல்ல மாடல்கள்.

சாப்பிடுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும், அது பாதி விஷயம். முட்டை, சிக்கன் பப்ஸும் க்ரீம் பண்டமும் வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. 32 டிகிரி தாண்டும் வெயில் காலத்தில் ஒரு மணி நேரம்தான். வரைந்துகொண்டே மறந்துபோனால் சாப்பிடாதீர்கள். அதற்குள் நமத்த வெஜ் பப்ஸைத் தோசைக்கல்லில் எண்ணெய் விடாமல், சிறு தீயில், பக்கத்துக்கு இரண்டு நிமிடம் வையுங்கள். மூடி போடக் கூடாது, ஆவி திரும்ப இறங்கிவிடும். மைக்ரோவேவ் இன்னும் மோசம், ரப்பராக்கும். பப்ஸ் தொட்ட கையோடு தாளைத் தொட வேண்டாம். எண்ணெய் பட்ட இடம் வண்ணத்தைக் குடிக்காது. கைக்கடியில் ஒரு பட்டர் பேப்பர் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று வாங்குவதற்குப் பதில் இரண்டு வாங்குங்கள் என்பேன். முதலாவதை வரைவதற்கு முன்பே சாப்பிடுங்கள், ஆனால் பார்த்துச் சாப்பிடுங்கள். பன்னைப் பிய்க்கும்போது நார் எந்தப் பக்கம் இழுபடுகிறது, டீயில் நனைத்தால் எங்கே முதலில் கருக்கிறது, தோல் எவ்வளவு மெல்லியது என்று. நாக்குக்குத் தெரிந்த மென்மை கைக்குத் தெரிய அதிக நேரம் ஆகாது.

போட்டோவை வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். போனைப் பக்கத்தில் கொண்டுபோனால் முன்ஓரம் ஊதிப்போய்விடும். மூன்று நான்கு அடி தள்ளி நின்று இரண்டு மடங்கு ஜூம் செய்து எடுங்கள். ப்ளாஷ் கூடாது, எல்லா மேடுபள்ளத்தையும் அழித்துவிடும். கடையிலேயே நின்று வரைவதென்றால் மாலைக் கூட்டத்தில் வேண்டாம், முற்பகலில் முதலாளியிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு நில்லுங்கள். அலமாரிக் கண்ணாடியை நேராகப் பார்த்தால் உங்கள் முகம்தான் தெரியும், கொஞ்சம் சாய்வாக நிற்க வேண்டும்.

வயதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஓராண்டாக மாலைதோறும் உட்கார்கிறவருக்கு இந்தக் கேள்வியே தேவையில்லை. பக்கத்தில் நல்ல ஆசிரியர் கிடைத்தால் போங்கள், நீள்வட்டமும் நிழலும் சீக்கிரம் கைவரும். கிடைக்காவிட்டால் ஒரே பன்னைப் பத்துத் தாளில், தேதி போட்டு வரையுங்கள். முதலாவதையும் பத்தாவதையும் மகளிடம் காட்டுங்கள்.

அடுத்த முறை இரண்டு படங்கள் அனுப்புங்கள். ஒன்று முழு டீ பன், ஒன்று பிய்த்த டீ பன். இரண்டும் ஒரே விளக்கொளியில், ட்யூப்லைட்டை அணைத்துவிட்டு, இடப்பக்கம் ஒரே ஒரு விளக்கு மட்டும். முதல் பூச்சு ஓக்கர். கறுப்பு இல்லாமல்.

அன்புடன்
ஆசிரியர்