ப்ராஜெக்ட் ரிப்போர்ட்ல ஏஐ யூஸ் பண்ணோம்னு எழுதலாமா? (வாசகர் கடிதமும் பதிலும்)

சார் வணக்கம்,

நான் ஃபைனல் இயர் பி.இ. சிஎஸ்இ. உங்க தளத்த ரெகுலரா படிப்பேன். எங்க ப்ராஜெக்ட், சென்சார் வச்சு மண் ஈரப்பதம் எடுத்து எப்ப தண்ணி பாய்ச்சணும்னு சொல்ற மாடல். கோடுக்கும், ரிப்போர்ட்ல இங்கிலீஷ் சரி பண்ணவும் சாட்ஜிபிடி யூஸ் பண்ணோம். அத ஓப்பனா எழுதிடலாம்னு நான் சொல்றேன். டீம்ல மத்தவங்க "சும்மா இருக்குற சங்க ஊதிக் கெடுக்காத, ஏஐ எழுதுனத மனுஷன் எழுதுன மாதிரி மாத்துற ஹ்யூமனைசர்ல போட்டு எடுத்தா போதும்"ங்கறாங்க. கைட் ஏஐ பர்சன்டேஜ் பத்துக்குக் கீழ வரணும்னு மட்டும் சொல்லிட்டார். என்ன பண்றது சார்? பேர் போட வேண்டாம்.

*

தம்பி,

எழுதிடுங்க. ஆனா எப்படி எழுதறீங்கங்கறதுலதான் விஷயமே இருக்கு.

மொதல்ல அந்த பத்து. 2018ல யுஜிசி கொண்டு வந்த ரெகுலேஷன்ல 10 சதவீதம் வரைக்கும் சிமிலாரிட்டி, அதாவது மத்தவங்க எழுத்தோட ஒத்துப் போறது, இருந்தா தண்டனை இல்லன்னு இருக்கு, அந்த நம்பரத்தான் உங்க கைட் ஏஐக்கும் மாட்டிட்டார்னு நெனைக்கறேன். சிமிலாரிட்டின்னா எங்கேர்ந்து எடுத்ததுன்னு சோர்ஸ காட்டலாம், ஏஐ ஸ்கோருக்குக் காட்ட ஒண்ணும் கெடையாது, அது வெறும் யூகம். ஓப்பன்ஏஐயே 2023 ஜனவரில ஏஐ எழுதுனதானு கண்டுபிடிக்கற ஒரு டிடெக்டர் விட்டு, சரியா கண்டுபிடிக்கலன்னு ஜூலைல மூடிட்டாங்க. அதே வருஷம் ஸ்டான்ஃபோர்ட்ல, இங்கிலீஷ் தாய்மொழியா இல்லாதவங்க டோஃபல்ங்கற இங்கிலீஷ் டெஸ்ட்டுக்கு எழுதுன கட்டுரைய ஏழு டிடெக்டர்ல போட்டுப் பாத்தாங்க, சராசரியா பாதிக்கு மேல ஏஐ எழுதுனதுன்னு வந்துச்சு. அப்ப நம்ம பசங்க இங்கிலீஷ் என்ன பாடு படும்!

ஹ்யூமனைசர் பக்கமே போகாதீங்க. இந்த மாதிரி வார்த்தைய மாத்திப் போடற சாஃப்ட்வேரால 'ஆர்டிஃபிஷியல் இன்டெலிஜென்ஸ்' 'கவுன்டர்ஃபிட் கான்ஷியஸ்னஸ்'னு மாறி ஜர்னல்லயே பிரிண்ட் ஆகி சிரிப்பா சிரிச்சிருக்கு.

சரி, எழுதறது எப்படி. அக்னாலெட்ஜ்மென்ட்ல கைட்டுக்கும் ஹெச்ஓடிக்கும் நன்றி சொல்லிட்டு கடைசில "சாட்ஜிபிடியின் உதவியும் பெறப்பட்டது"ன்னு ஒரு வரி போட்டா அதுல யாருக்கும் எதுவும் தெரியாது. எந்த வேலைக்கு, எது குடுத்துச்சு, நீங்க என்ன மாத்துனீங்கன்னு மெத்தடாலஜி சேப்டர்லயே வரணும். உங்க ப்ராஜெக்ட்டயே எடுத்துக்குவோம். டேட்டாவ ட்ரெயின் (மாடலுக்குக் கத்துக் குடுக்க), டெஸ்ட் (அது கத்துக்கிச்சான்னு பாக்க)னு பிரிக்க கோட் கேட்டா பெரும்பாலும் ரேண்டமா கலக்கிப் பிரிக்கிற கோடத்தான் குடுக்கும். சென்சார் பத்து நிமிஷத்துக்கு ஒரு ரீடிங் எடுக்குதுன்னு வைங்க, 10.10 ரீடிங் ட்ரெயின்ல விழும், 10.20 டெஸ்ட்ல விழும், பத்து நிமிஷத்துல மண்ணு என்ன பெருசா காஞ்சிடப் போகுது, மாடல் பக்கத்து ரீடிங்க பாத்து காப்பி அடிச்சு அக்யூரசி 98னு வந்து நிக்கும், எல்லாரும் ட்ரீட் வச்சிடுவீங்க. அதே மாதிரி காலியா இருக்குற ரோவ எல்லாம் தூக்கிடும், மழைல சென்சார் செத்துப்போன நாள்லாம் அதோட போயிடும், தண்ணி பாய்ச்ச வேண்டாம்னு சொல்ல வேண்டிய நாளே அதுதான்.

இப்ப நீங்க "பிரிக்கிற கோட் சாட்ஜிபிடி குடுத்தது, ரேண்டமா இருந்தது, நாங்க தேதிவாரியா மாத்துனோம், அக்யூரசி இவ்வளவு கொறஞ்சது"ன்னு எழுதுனா, வைவால எக்ஸ்டர்னல் எங்க நோண்டினாலும் பதில் இருக்கும். மாத்தவே இல்லன்னா எழுத உக்காரும்போதே பிரச்சின தெரிஞ்சிடும், அதுவும் நல்லதுதான். ரெடிமேட் ப்ராஜெக்ட் சென்டர்ல காசக் குடுத்து வாங்கி பைண்டிங் போட்டவன்லாம் போனஃபைடு சர்டிஃபிகேட்டோட பாஸான ஊரு இது, நீங்க இவ்வளவு எழுதுனாலே பெரிய விஷயம்.

லிட்டரேச்சர் சர்வேல ஏஐ குடுத்த ரெஃபரன்ஸ் ஏதாவது இருந்தா ஒவ்வொண்ணையும் தேடி, பேப்பர தெறந்து பாத்துட்டு வைங்க. இல்லாத தீர்ப்ப எல்லாம் சாட்ஜிபிடிய நம்பி கோர்ட்ல குடுத்த நியூயார்க் வக்கீலுங்களுக்கு 2023ல 5,000 டாலர் அபராதம் போட்டாங்க.

கைட்கிட்ட பைண்டிங்குக்கு முன்னாடியே, ஏஐ பத்தி நீங்க எழுதுன பக்கத்தக் காட்டுங்க. ஏஐய ஆத்தரா போடக்கூடாது, யூஸ் பண்ணிருந்தா மெத்தட்ஸ்லயோ அக்னாலெட்ஜ்மென்ட்லயோ சொல்லணும்னு நேச்சர் ஜர்னலே 2023 ஜனவரில சொல்லிடுச்சு சார்னு பணிவா சொல்லிப் பாருங்க. அப்பவும் ரிப்போர்ட் எழுத்துல ஏஐயே கூடாதுன்னா அந்த இங்கிலீஷ நீங்களே உக்காந்து திருப்பி எழுதிடுங்க, கொஞ்சம் நொண்டி இங்கிலீஷா இருந்தா ஒண்ணும் குடி முழுகிடாது, ஆனா கோட் விஷயத்த மறைக்காதீங்க.

அப்புறம் சாட் ஹிஸ்டரி டீம்ல யார் அக்கவுன்ட்ல இருக்கோ, அவர இப்பவே எக்ஸ்போர்ட் பண்ணச் சொல்லுங்க, அப்பென்டிக்ஸ்ல போடணும்ல.