பிரிண்டர் மக்கர் பண்ணா பயப்படணுமா? – வாசகர் கேள்வி பதில்

இந்த வாரம் வந்த கடிதத்துல பாதிக்கு மேல ஹேக்கிங், ஆன்லைன் மோசடி பத்தித்தான். காசை விட்டவங்க சிலபேர் தயவுசெஞ்சு பேரைப் போட்டுடாதீங்கன்னு எழுதியிருக்காங்க. அவங்க பேரை மட்டும் மறைச்சா அதுவே காட்டிக் குடுத்துடும், அதனால இந்த வாரம் யாருக்கும் பேர் கிடையாது, ஊர் மட்டும்தான். கோச்சுக்காதீங்க.

கே: நம்ம ஃபோனை ஹேக் பண்றாங்க, சரி. ஒரு பேங்க்கையே ஹேக் பண்ணிப் பணத்தைத் தூக்க முடியுமா? என் பையன் முடியும்ங்கறான், 31 வருஷம் பேங்க்ல குப்பை கொட்டின நான் நம்ப மாட்டேங்கறேன். (கும்பகோணம்)

ப: சார், பந்தயம் கட்டியிருந்தா காசைப் பையன்கிட்ட குடுத்துடுங்க. அதுவும் கும்பகோணத்துல உக்காந்துகிட்டு இதைக் கேக்கறீங்க பாருங்க! உங்க ஊர்ல தலைமை ஆபீஸ் வச்சிருக்கற, 1904ல ஆரம்பிச்ச சிட்டி யூனியன் பேங்க்லயே 2018 பிப்ரவரில இது நடந்துச்சே. ஸ்விஃப்ட்னு ஒண்ணு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும், வெளிநாட்டு பேங்குக்கு "இன்னாருக்கு இவ்வளவு குடு"ன்னு செய்தி அனுப்பற சிஸ்டம், அதுக்குள்ள பூந்து மூணு செய்தி அனுப்பிட்டாங்க. துபாய்க்கு 5 லட்சம் டாலர், துருக்கிக்கு 3 லட்சம் யூரோ, சீனாவுக்கு 10 லட்சம் டாலர். துபாய் பணத்தை நியூயார்க்லயே மடக்கிட்டாங்க, துருக்கில பேங்க்ல நிறுத்தி வச்சாங்க, சீனாவுக்குப் போனதை மட்டும் எவனோ போலி டாக்குமென்ட் காட்டி எடுத்துட்டான். மறுநாள் கணக்கை டேலி பண்றப்பதான் விஷயமே தெரிஞ்சுது. இதைச் செய்யறதுக்கு முன்னாடி அவனுங்க செஞ்ச ஒரு வேலை என்ன தெரியுமா, ஸ்விஃப்ட்டோட சேர்ந்த பிரிண்டரை வேலை செய்யாம பண்ணிட்டாங்க. அனுப்பின ஒவ்வொரு செய்திக்கும் அதுல ஒரு சீட்டு வரும்ல, அது வந்தா மாட்டிப்பாங்கல்ல.

இது அவங்க புதுசா கண்டுபிடிச்சதும் இல்ல. ரெண்டு வருஷம் முன்னாடி, 2016 பிப்ரவரி 4, வியாழக்கிழமை ராத்திரி, டாக்காவுல பங்களாதேஷோட மத்திய வங்கில நடந்ததும் இதேதான். மறுநாள் காலைல பிரிண்டர் ஓடலை. ஓடலைன்னா யாரு என்ன நினைப்பா, பிரிண்டர் எந்த ஆபீஸ்லதான் ஒழுங்கா ஓடியிருக்கு, நாளைக்குப் பாத்துக்கலாம்னு விட்டுட்டாங்க. அவங்களுக்கு வெள்ளி, சனி லீவு. நியூயார்க்ல ஃபெடரல் ரிசர்வ்ல, அதாவது அமெரிக்க மத்திய வங்கில, இருக்கற பங்களாதேஷ் பணத்தை எடுத்துக் குடுக்கச் சொல்லி 35 செய்தி போயிருக்கு, மொத்தம் 95 கோடி டாலர், அங்க சனி, ஞாயிறு லீவு. பணம் போய்ச் சேர்ந்த பிலிப்பைன்ஸ் நாட்டு மணிலாவுல திங்கட்கிழமை சீனப் புத்தாண்டு லீவு. மூணு நாட்டுக் காலண்டரையும் பக்கத்துல வச்சுக்கிட்டு நாள் குறிச்சிருக்கான் பாருங்க, நம்ம வீட்டுக் கல்யாணத்துக்குக்கூட இவ்வளவு பாக்க மாட்டோம்.

நல்லவேளையா முழுசும் போகலை. மணிலாவுல பணம் போன பேங்க் கிளை இருந்த தெருவோட பேரு ஜூபிடர். அமெரிக்கா தடை பண்ணி வச்சிருந்த லிஸ்ட்ல ஒரு ஜூபிடர் இருந்துச்சு, சம்பந்தமே இல்லாத ஜூபிடர், ஆனா கம்ப்யூட்டர் பேரைப் பாத்துட்டு நிறுத்திடுச்சு. ஜூபிடர்னா குரு, குரு பார்க்க கோடி நன்மைம்பாங்க, இங்க எண்பத்தஞ்சு கோடி டாலர் நன்மை. அதுக்குள்ள போன அஞ்சு செய்தில ஒண்ணு இலங்கைல ஒரு அறக்கட்டளைக்கு, 2 கோடி டாலர். அதுல ஃபவுண்டேஷன்னு இருக்க வேண்டிய இடத்துல ஃபேண்டேஷன்னு அடிச்சுட்டான் மகராசன், நடுவுல இருந்த டாய்ச்சு பேங்க்ல யாரோ அதைப் பாத்து இதென்ன வார்த்தைன்னு கேட்க, அந்தப் பணம் திரும்பிடுச்சு. ஸ்பெல்லிங் தப்பானா என்ன குடியா முழுகிடும்னு கேக்கற பசங்களுக்கு இதைச் சொல்லுங்க. மணிலாவுக்குப் போன 8 கோடியே 10 லட்சம் டாலர்ல பெரும்பகுதி சூதாட்ட கிளப்புக்குள்ள போச்சு. அந்த நாட்டுக் கறுப்புப்பணச் சட்டம் அப்ப கேசினோவைக் கேள்வி கேக்காது, உள்ள போனது போனதுதான்.

சரி, உள்ள எப்படிப் பூந்தாங்க? வேலை கேட்டு ஒரு இமெயில். "என் பயோடேட்டா இணைச்சிருக்கேன், பாருங்க"ன்னு. யாரோ பாத்தாங்க. அதுக்கப்புறம் ஒரு வருஷம் உள்ளயே சத்தமில்லாம உக்காந்து யாரு எப்ப என்ன பண்றாங்கன்னு வேடிக்கை பாத்திருக்கானுங்க. 2018ல அமெரிக்கா இதுக்கு வடகொரியாக்காரர் ஒருத்தர் மேல கேஸ் போட்டுச்சு, அந்த ஆளை இன்னும் யாரும் பிடிக்கலை.

உங்க 31 வருஷத்துல சந்தேகமா ஒரு சலான் வந்தா என்ன பண்ணுவீங்க, கையெழுத்தை உத்துப் பார்ப்பீங்க. இப்பவும் அதேதான் சார் வேலை.

கே: கூடங்குளம் அணுமின் நிலையத்தை ஹேக் பண்ணிட்டாங்கன்னு ஒரு சமயம் சொன்னாங்களே, வதந்தியா நெசமா? பக்கத்துல இருக்கோம், அதான். (ராதாபுரம்)

ப: பாதி நெசம். 2019 அக்டோபர் கடைசில பேச்சு கிளம்புச்சு, முதல்ல அப்படியெல்லாம் வாய்ப்பே இல்லைன்னாங்க, மறுநாளே அணுமின் கழகம் ஆமாம், ஒரு கம்ப்யூட்டர்ல மால்வேர், அதாவது திருட்டு புரோகிராம், இருந்துச்சுன்னு ஒத்துக்கிச்சு. செப்டம்பர் 4ந்தேதியே அவங்களுக்குத் தகவல் வந்திருக்கு. ஆனா மாட்டினது உலையை ஓட்டற கம்ப்யூட்டர் இல்ல, ஆபீஸ் நிர்வாக வேலைக்கு இன்டர்நெட்ல இருந்த ஒண்ணு, ரெண்டுக்கும் நடுவுல வயரே கிடையாதுன்னாங்க. வயர் இல்லைன்னா நிம்மதிதான், ஆனா முழு நிம்மதி இல்ல. ஈரான்ல நடான்ஸ்ங்கற இடத்துல யுரேனியம் செறிவூட்டற மெஷினையே ஒரு வைரஸ் உடைச்சுது, 2010ல வெளிய வந்துச்சு, ஸ்டக்ஸ்நெட்னு பேரு. அங்கயும் வயர் கிடையாது, பென் டிரைவ் மூலமா போயிருக்கணும்ங்கறாங்க. முதல்ல இல்லைன்னு சொல்லிட்டு மறுநாள் ஆமான்னு சொல்றாங்க பாருங்க, எனக்கு அந்த வைரஸைவிட இதுதான் கடுப்பு. பக்கத்துல குடியிருக்கறவங்களுக்கு முதல் நாளே நெசத்தைச் சொன்னா என்னவாம்?

கே: வாட்ஸ்அப்ல தெரிஞ்சவங்க நம்பர்ல இருந்து கல்யாணப் பத்திரிகைன்னு ஒரு ஃபைல் வந்துச்சு. தொட்டேன், ஏதோ இன்ஸ்டால்னு கேட்டுச்சு, ஓகே குடுத்துட்டேன். பத்திரிகையே வரலை. இப்ப என் நம்பர்ல இருந்து எல்லாருக்கும் அதே பத்திரிகை போகுதாம். அக்கவுண்ட்ல 38,000 காணோம். (மதுரை)

ப: அக்கா, இதைப் படிச்சுட்டிருக்கறப்பவே பணம் போய்ட்டிருக்கலாம், முதல்ல ஃபோன்ல நெட்டை அமுத்துங்க, சிம்மைக் கழட்டி வேற சாதா ஃபோன்ல போடுங்க, அதுல இருந்து சைபர் மோசடி உதவி நம்பர் 1930க்கு அடிங்க, அப்புறம் பேங்குக்கு. உள்ள வந்ததை அழிச்சா போதும்னு யாராவது சொன்னா கேக்காதீங்க, தேவையான போட்டோவை எடுத்துட்டு ஃபோனை ரீசெட் போட்டுடுங்க.

நடந்தது என்னன்னா, நீங்க தொட்டது பத்திரிகை இல்ல, ஒரு ஆப். அந்த ஃபைல் பேரோட வால்ல ஏபிகேன்னு மூணு எழுத்து இருந்திருக்கும். மஞ்சள் தடவி வர்ற பத்திரிகை எதுக்கும் இந்த வால் கிடையாது. உள்ள வந்ததும் எஸ்எம்எஸ் படிக்கட்டுமான்னு கேக்கும், நம்ம ஓகேங்கற வார்த்தைதான் கைல ரெடியா இருக்குமே, அவ்வளவுதான், பேங்க் அனுப்பற ஓடிபி உங்களுக்கு முன்னாடி அவன் படிச்சுடறான். அதனாலதான் யாருக்கும் ஓடிபி சொல்லாதவங்களும் இதுல மாட்டறாங்க. இதே ஃபைல் டிராஃபிக் ஃபைன் சலான், பேங்க் கேஒய்சின்னு வேற வேற வேஷத்துலயும் வருது.

காசு திரும்புமான்னு அடுத்து கேப்பீங்க. ரிசர்வ் பேங்க் 2017 ஜூலை சுற்றறிக்கைப்படி உங்க மேலயும் தப்பில்ல, பேங்க் மேலயும் தப்பில்லைன்னா, மூணு வேலை நாளுக்குள்ள சொல்லிட்டா முழுப்பணமும் வரணும். உங்க கவனக்குறைவுன்னா நீங்க சொல்றதுக்கு முன்னாடி போனது உங்க கணக்கு, சொன்ன பிறகு போறது பேங்க் கணக்கு. பேங்க் ரெண்டாவதைத்தான் பேசும், விடாதீங்க, எத்தனை மணிக்குச் சொன்னோம்னு எழுதி வாங்கிக்கங்க. கல்யாண வீட்டுக்கும் ஒரு ஃபோன் போட்டுடுங்க, அவங்க நம்பரும் போயிருக்கு, அவங்களுக்கே தெரியாது.

கே: பாஸ்வேர்டை நோட்டுல எழுதி வைக்கலாமா? மருமக திட்டறா. (விருதுநகர்)

ப: வைங்கம்மா. எங்கயோ வெளியூர்ல உக்காந்திருக்கறவன் உங்க பீரோவைத் திறக்க முடியாது. ஒரே பாஸ்வேர்டை எல்லாத்துக்கும் வச்சுட்டு ஞாபகத்துல வச்சிருக்கேன்னு பெருமைப்படறதுதான் ஆபத்து. நோட்டு பீரோவுல இருக்கட்டும், ஃபோன் கவருக்குள்ள சொருகாதீங்க. ஏடிஎம் பின் நம்பரை மட்டும் எழுத வேண்டாம்.

கே: கடைல கம்ப்யூட்டர் தினமும் அப்டேட் அப்டேட்னு கேக்குது, பில் போடற நேரத்துல யாரு பண்றது? ஆன்டிவைரஸ் இருக்கு, போதாதா? (ஈரோடு)

ப: 2017 மே 12, வான்னாக்ரைன்னு ஒரு வைரஸ் உலகம் பூரா லட்சக்கணக்கான கம்ப்யூட்டரைப் பூட்டிட்டு 300 டாலர் பிட்காயின் குடுன்னு கேட்டுச்சு. இங்கிலாந்து ஆஸ்பத்திரிகள்ல ஆபரேஷனே தள்ளி வச்சாங்க. அந்த ஓட்டையை அடைக்கற அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச்லயே குடுத்துடுச்சு, ரெண்டு மாசமா எல்லாரும் உங்களை மாதிரியே "அப்புறம்"னு அமுக்கிட்டிருந்தாங்க. ராத்திரி கடை சாத்தும்போது போட்டுட்டுப் போங்க. கணக்கை ஒரு ஹார்டு டிஸ்க்ல காப்பி எடுத்து, கழட்டி, வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க, சொருகியே வச்சிருந்தா அதையும் சேர்த்துப் பூட்டுவான்.

கே: நான் பிளஸ் டூ படிக்கறேன். ஹேக்கர் ஆகணும். அப்பா செருப்பால அடிப்பேங்கறார். (கோயம்புத்தூர்)

ப: அப்பாகிட்ட இதைக் காட்டு தம்பி. 2019ல சென்னைக்காரர் லக்‌ஷ்மண் முத்தையா, இன்ஸ்டாகிராம்ல யாரோட அக்கவுண்ட்டையும் எடுத்துக்கலாம்ங்கற ஓட்டையைக் கண்டுபிடிச்சார். பாஸ்வேர்டு மறந்தா 6 இலக்க நம்பர் அனுப்புவாங்கல்ல, 10 நிமிஷத்துல காலாவதி ஆகும். மொத்தம் 10 லட்சம் நம்பர்தான் சாத்தியம், ஒரே இடத்துல இருந்து தப்புத்தப்பா போட்டா தடுத்துடுவாங்க, அதனால ஆயிரம் வேற வேற ஐபி முகவரில (இன்டர்நெட்ல கம்ப்யூட்டருக்கு இருக்கற விலாச நம்பர்) இருந்து ஒரே சமயத்துல போட்டுப் பார்த்தார், 2 லட்சம் முயற்சி தடையில்லாம போச்சு. உடனே கம்பெனிகிட்ட சொன்னார், 30,000 டாலர் பரிசு குடுத்தாங்க. பூட்டை ஆட்டிப் பாத்துட்டு வீட்டுக்காரரைக் கூப்பிட்டுச் சொல்றவர் இவர். சொல்லாம உள்ள போனா தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66வது பிரிவு, 3 வருஷம் வரைக்கும் ஜெயில், 5 லட்சம் வரைக்கும் அபராதம். ஸ்கூல் சர்வர்ல மார்க்கைத் திருத்தறது இதுலதான் வரும், அதை ஆரம்பிக்காதே.

மேல சொன்ன வான்னாக்ரையை நிறுத்தினது மார்கஸ் ஹட்சின்ஸ்ங்கற 22 வயசுப் பையன், அந்த வைரஸ் தேடிட்டிருந்த ஒரு வெப்சைட் பேரை 10 டாலர் சொச்சத்துக்கு வாங்கிப் போட்டார், நின்னுடுச்சு. உலகமே தூக்கி வச்சு ஆடுச்சு. மூணே மாசத்துல, சின்ன வயசுல பேங்க் திருட்டு வைரஸ் எழுதிக் குடுத்த பழைய கேஸ்ல அமெரிக்காவுல அரெஸ்ட். பிளஸ் டூல பண்றதெல்லாம் பின்னாடி தேடி வரும்.

கே: ரிட்டயர்டு டீச்சர். வீடியோ கால்ல போலீஸ் டிரஸ்ல ஒருத்தன், உங்க பேர்ல போதைப் பார்சல், டிஜிட்டல் அரெஸ்ட்னு ரெண்டு நாள் வீட்டுலயே உக்கார வச்சுட்டான். 6 லட்சம் அனுப்பிட்டேன். பிள்ளைங்ககிட்ட இன்னும் சொல்லலை. படிச்சவ இப்படி ஏமாந்தது வெக்கமா இருக்கு. (சேலம்)

ப: டீச்சர், இன்னிக்கே பிள்ளைங்ககிட்ட சொல்லுங்க, சொல்லிட்டு 1930. டிஜிட்டல் அரெஸ்ட்னு எந்தச் சட்டத்துலயும் இல்ல. உங்களை ஏமாத்தினது ஒரு ஆள் இல்ல, ஒரு ஆபீஸ். போலீஸ் ஸ்டேஷன் மாதிரி செட், யூனிஃபார்ம், நீங்க எதுத்துப் பேசினா எப்படி மிரட்டணும், அழுதா எப்படிச் சமாதானம் பண்ணணும்னு எழுதி வச்ச வசனம். இவங்கள்ல நிறைய பேரு கம்போடியா, மியான்மர் பக்கம் மதில் சுவருக்குள்ள இருந்து பேசறாங்க. டேட்டா என்ட்ரி வேலைன்னு நம்பிப் போன நம்ம தமிழ்நாட்டுப் பசங்களையே பாஸ்போர்ட்டைப் புடுங்கி வச்சுக்கிட்டு இந்த வேலை பார்க்க வச்சிருக்காங்க, தப்பிச்சு வந்தவங்க போலீஸ்ல சொல்லியிருக்காங்க. கேமராவை அணைக்காதே, யார்கிட்டயும் பேசாதேன்னு ரெண்டு நாள் உங்களை வச்சிருந்தான்ல, அது எதுக்குன்னு யோசிங்க. பக்கத்து வீட்டுக்காரம்மா ஒரு தடவை கதவைத் தட்டியிருந்தா அவன் கதை முடிஞ்சிருக்கும். இப்பவும் நீங்க சொல்லாம இருக்கற வரைக்கும் அவன் வேலைதான் நடக்குது.

கே: எல்லாருக்கும் புத்தி சொல்றீங்களே, உங்களை யாரும் ஹேக் பண்ணலையா? (திருச்சி)

ப: பண்ணாங்க. ஒரே பாஸ்வேர்டு, என் வண்டி நம்பர், எல்லாத்துக்கும் அதுதான். ஃபேஸ்புக்கை எடுத்துட்டு என் ஸ்கூல் ஃப்ரெண்டுகிட்ட "மச்சி ஆஸ்பத்திரில இருக்கேன், 5,000 அனுப்பு"ன்னு கேட்டிருக்கான். நான் ஜென்மத்துல யாரையும் மச்சின்னு கூப்பிட்டதில்ல, அதுகூட என் ஃப்ரெண்டுக்குத் தோணலை, உடனே அனுப்பிட்டான். தப்பு என் பாஸ்வேர்டு மேலன்னு ஒத்துக்கிட்டு ரெண்டு தவணையா நானே திருப்பிக் குடுத்தேன். இப்ப நெஜமாவே எதுக்காவது கேட்டாலும் முதல்ல ஒன்பதாவதுல கணக்கு வாத்தியார் பட்டப்பேரு என்னன்னு கேக்கறான்.