தைரொயிட் ரிப்போர்ட் நோர்மல், களைப்பு மட்டும் போகவில்லை. ஏன்?

கல்முனையிலிருந்து கேட்டிருக்கிறீர்கள்: தைரொக்சின் 50 மைக்ரோகிராம் குளிசை தொடங்கி மூன்று மாதம், ரீ.எஸ்.எச் (தைரொயிட்டைத் தூண்டும் ஹோர்மோன், மருந்து போதாவிட்டால் இது கூடும்) 2.4, ஆனாலும் களைப்பு, மலச்சிக்கல், முடி கொட்டுதல். முடிக்கென்று ஒரு கப்சூலும் எடுக்கிறீர்கள்.

முதலில் அந்தக் கப்சூல் போத்தலைத் திருப்பிப் பாருங்கள். பயோட்டின் (முடிக்கென்று விற்கும் விற்றமின்) 5000 அல்லது 10,000 மைக்ரோகிராம் என்றிருந்தால் அந்த 2.4ஐ இப்போதைக்கு நம்பவேண்டாம். சில லாப் மெஷின்கள் பயோட்டினைப் பிடிமானமாக வைத்துத்தான் ஹோர்மோனை அளக்கின்றன. இரத்தத்தில் அது கூடிக் கிடந்தால் ரீ.எஸ்.எச்சைக் குறைத்தும் ஃப்ரீ ரீ4ஐ (இரத்தத்தில் உள்ள தைரொயிட் ஹோர்மோன்) கூட்டியும் காட்டும். மருந்து போதாதவருக்கும் நோர்மல் என்றே வந்துவிடும். கப்சூலை மட்டும் மூன்று நாள் நிறுத்திவிட்டு மறுபடி இரத்தம் கொடுங்கள். லாப்பிலும் சொல்லிவிடுங்கள்.

ரீ.எஸ்.எச் விடியற்புறம் கூடி, பின்னேரம் குறையும். போன முறை காலை எட்டு மணிக்குக் கொடுத்திருந்தால் இம்முறையும் அதே நேரம் போங்கள். அன்றைய குளிசையை இரத்தம் எடுத்த பிறகு போடுங்கள். அளவு மாற்றினால் ஆறு கிழமை கழித்துத்தான் சோதிக்கவேண்டும். அதற்கு முன் வரும் எண்ணுக்குப் பெறுமதியில்லை.

குளிசையை வெறும் தண்ணீரோடு போட்டு, தேத்தண்ணிக்கு அரை மணியாவது பொறுங்கள். முதல் பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் இரண்டையும் சேர்த்து விழுங்கினால் மருந்து சரியாக உறிஞ்சப்படாது. இரும்பு, கல்சியம் குளிசைகளுக்கு நான்கு மணி இடைவெளி வேண்டும்.

ரீ.எஸ்.எச் மட்டும் பார்த்தால் தவறிப்போகும் இடமும் ஒன்று உண்டு. பிரசவத்தில் இரத்தம் மிக அதிகமாகப் போய், பால் சுரக்காமல், மாதவிடாயும் திரும்பாதவர்களுக்குப் பழுது ரீ.எஸ்.எச்சைச் சுரக்கும் மூளையடிச் சுரப்பியில் இருக்கலாம். அங்கே ரீ.எஸ்.எச் நோர்மலாகவே இருக்கலாம், ஆனால் ஃப்ரீ ரீ4 குறைந்திருக்கும். இந்த விபரத்தை டொக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

ரீ.எஸ்.எச், ஃப்ரீ ரீ4 இரண்டும் சரியென்றால் தைரொக்சின் குளிசையைக் கூட்டக் கேட்காதீர்கள். நெஞ்சு படபடக்கும், எலும்பும் தேயும். ஃபெரிட்டின் (உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் சோதனை) பாருங்கள். ஹீமோகுளோபின் 12 இருந்தும் ஃபெரிட்டின் 15க்குக் கீழே போனால் இரும்புச் சேமிப்பு தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். களைப்புக்கும் முடி கொட்டுதலுக்கும் அதுவே போதும். காய்ச்சல் நேரத்தில் ஃபெரிட்டின் பொய்யாகக் கூடும், அப்போது எடுக்காதீர்கள். பீ12, சீனிச் சோதனை, இரவில் பலத்த குறட்டை ஆகியவற்றையும் பார்க்கவேண்டும். ரீ.பீ.ஓ அன்டிபொடியை (தைரொயிட்டைத் தாக்கும் எதிர்ப்புப் பொருள்) ஒருமுறை பார்த்தால் போதும், திரும்பத் திரும்பச் செய்வது காசுக்குக் கேடு.

கிளினிக் போகும்போது பழைய ரிப்போர்ட்டுகளில் இரத்தம் எடுத்த நேரத்தை எழுதி, கப்சூல் போத்தலையும் கையோடு கொண்டுபோங்கள்.