பினாங்கில் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டுக்கு மழைநீர்த் தொட்டி வைப்பது வீண் செலவா?

வீண் செலவே இல்லை. "மழை கொட்டுகிற ஊரில் தொட்டி எதற்கு?" என்று உங்கள் வீட்டிலும் யாராவது கேட்டிருப்பார்கள், அதனால்தான் இங்கே வந்து கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். என் மைத்துனரும் இதையேதான் கேட்டார்.

நான் இருப்பது ஜெலுத்தோங்கில் ஒரு வரிசை வீடு. பின்பக்கக் கூரைத் தண்ணீர் வடியும் குழாயைத் தொட்டிக்குத் திருப்பிவிட்டிருக்கிறேன். ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். 40 சதுர மீட்டர் கூரை, 25 மில்லிமீட்டர் மழை என்றால் 1,000 லிட்டர். சிந்தியது போக 800 தேறும். நம் ஊரில் ஒரு சாயங்கால மழைக்கே அவ்வளவு வந்துவிடும்.

2024 ஜனவரி 10 முதல் நான்கு நாள் தண்ணீர் தடை வந்ததே, ஞாபகம் இருக்கிறதா? பெரிய வால்வுகளை மாற்றும் வேலை. அது அவசியமான வேலைதான், குறை சொல்லவில்லை. ஆனால் 15ஆம் தேதி பொங்கல். வீடு கழுவாமல், திரைச்சீலை துவைக்காமல் பொங்கல் வைக்க என் மனைவிக்கு மனம் வருமா? எல்லாம் தொட்டித் தண்ணீரில் நடந்தது. கழிவறைக்கும் அதுதான். வாளிகளில் பிடித்து வைத்திருந்த குழாய்த் தண்ணீரைச் சமையலுக்கும் குடிக்கவும் மட்டுமே தொட்டோம். பக்கத்து வீட்டுச் சீனப் பாட்டிக்கும் வாளி வாளியாகக் கொடுத்தோம். எனக்கு அதில் பெருமைதான், மறைக்கவில்லை.

அந்த நேரத்தில் தண்ணீர் லோரி எங்கள் சந்துக்குள் நுழைய முடியவில்லை. இரண்டு பக்கமும் கார்!

தொட்டி வைத்தால் டெங்கு வரும் என்று உடனே சிலர் எழுதுவார்கள். மூடியை இறுக்கி, தண்ணீர் நுழையும் வாயிலும் வழியும் வாயிலும் மெல்லிய வலை கட்டினால் ஏடிஸ் கொசு உள்ளே போகாது. முதல் சில நிமிட மழை கூரைத் தூசியையும் பறவை எச்சத்தையும் கொண்டுவரும். அதைத் தனியாக வெளியேற்ற ஒரு குழாய் வையுங்கள். தொட்டித் தண்ணீரைக் குடிக்க வேண்டாம்.

தண்ணீர்க் கட்டணம் மலிவு, போட்ட காசு திரும்பாது என்றும் சொல்வார்கள். பில்லைக் குறைக்க நான் இதை வைக்கவில்லை. பினாங்குக்கு வரும் கச்சா நீரில், அதாவது சுத்திகரிக்கும் முன் உள்ள நீரில், 80 விழுக்காடு மூடா ஆறு ஒன்றையே நம்பி இருக்கிறது. அந்த ஆறு வருவது கெடாவிலிருந்து. அங்கே மழை பொய்த்தாலோ, இங்கே ஒரு குழாய் உடைந்தாலோ நம் வீட்டில் என்ன இருக்கிறது என்பதுதான் என் கேள்வி.

வைப்பதானால் நவம்பருக்கு முன்பே வைத்துவிடுங்கள். ஆண்டுத் தொடக்கத்தில் இங்கே மழை குறைவு, அப்போது வைத்தால் காலித் தொட்டிதான் இருக்கும்.