நட்சத்திர வீரரைக் கொடுத்துவிடலாமா?

கேள்வி: கனடாவில் ஒரு சிறிய நகரத்தின் ஐஸ் ஹாக்கி அணிக்குப் பல ஆண்டுகளாக சீசன் டிக்கெட் வாங்கி வருகிறேன். எங்கள் நட்சத்திர வீரரின் ஒப்பந்தத்தில் இன்னும் ஒரே ஒரு சீசன்தான் பாக்கி. ஒப்பந்தம் முடிந்ததும் எங்களுக்குப் பதிலாக ஒன்றும் கிடைக்காமல் அவர் பெரிய நகரத்துக்குப் போய்விடுவதற்கு முன், இப்போதே வேறு அணிக்குக் கொடுத்துப் பதிலுக்கு எதையாவது வாங்கிவிடுவதுதானே நல்லது?

பதில்: அவசரப்படாதீர்கள். இந்த ஊரில் தொடர்ந்து இருக்க விருப்பமா என்று நிர்வாகம் அவரிடம் நேருக்கு நேர் கேட்டுவிட்டதா? அதுதான் முதலில் தெரிய வேண்டும். 2005இல் வட அமெரிக்காவின் பெரிய ஹாக்கி லீக்கான என்.எச்.எல்.லில் எல்லா அணிகளுக்கும் ஒரே ஊதிய உச்சவரம்பு வந்துவிட்டது. பெரிய நகரம் என்பதற்காகப் பணத்தை வாரி இறைத்துவிட முடியாது. வீரரின் மனம் எங்கே இருக்கிறது என்பதற்கு இப்போது பெரிய விலை உண்டு.

வின்னிபெக்கைப் பாருங்கள். 1996இல் தன் அணியையே ஃபீனிக்ஸிடம் பறிகொடுத்த ஊர் அது. 2011இல்தான் மறுபடி ஓர் அணி வந்தது. அந்த அணியின் கோல்கீப்பர் கானர் ஹெல்லபக், முன்கள வீரர் மார்க் ஷைஃபலி இருவருக்கும் ஒப்பந்தத்தில் ஓராண்டே மிச்சமிருந்தபோது, இருவரும் போய்விடுவார்கள் என்றே பலரும் எழுதினார்கள். 2023 அக்டோபரில், சீசன் தொடங்கும் தறுவாயில், இருவரும் ஒரே நாளில் தலா ஏழு ஆண்டுகளுக்குக் கையெழுத்திட்டார்கள். 2024-25இல் லீக் ஆட்டங்களில் முதலிடம் வின்னிபெக்குக்கு. ஆண்டின் சிறந்த வீரர் விருது ஹெல்லபக்குக்கு.

உங்கள் வீரர் “இல்லை” என்று சொல்லிவிட்டால்? கோடையிலேயே கொடுத்துவிட வேண்டும் என்பதே என் கருத்து. 2018 செப்டம்பரில் ஒட்டாவா தன் நட்சத்திரம் எரிக் கார்ல்சனை சான் ஹோசேவுக்குக் கொடுத்தபோது, அவர் ஒப்பந்தத்தில் ஒரு முழு சீசன் இருந்தது. பதிலுக்கு வந்தவற்றில் ஒன்று, 2020 டிராஃப்டின், அதாவது அணிகள் வரிசையாக இளம் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வின், முதல் சுற்றில் ஒருவரை எடுக்கும் உரிமை. அது வரிசையில் மூன்றாவது இடமாக அமைந்து, டிம் ஸ்டூட்ஸ்லே என்ற இளம் வீரர் கிடைத்தார். ஆனாலும் ஒட்டாவா மீண்டும் ப்ளேஆஃபை, அதாவது லீக் ஆட்டங்களுக்குப் பின் கோப்பைக்காக நடக்கும் சுற்றுகளை, தொட 2025 ஆனது. அந்தக் காத்திருப்புக்கு நீங்கள் மனதைத் தயார்செய்துகொள்ள வேண்டும். கால்கரியோ தாமதித்தது. 2013 மார்ச்சில், ஒப்பந்தம் முடியும் தறுவாயில் தன் நட்சத்திரம் ஜரோம் இகின்லாவை பிட்ஸ்பர்குக்குக் கொடுத்தது. எந்த அணிக்குப் போவது என்பதில் அவர் சம்மதமும் தேவைப்பட்டது. பேரம் பேச இடமே இல்லை. வந்த இரண்டு இளைஞர்களும், டிராஃப்ட் உரிமையில் எடுத்த வீரரும் அங்கே நிலைக்கவில்லை.

கொலம்பஸ் அணி மட்டும் என் கணக்கைக் குழப்புகிறது. தங்கள் நட்சத்திரங்களான பனாரினும் பாப்ரோவ்ஸ்கியும் ஒப்பந்தம் முடிந்து 2019 கோடையில் போய்விடக்கூடும் என்று தெரிந்தும் கொடுக்காமல் வைத்துக்கொண்டார்கள். ஏப்ரலில் ப்ளேஆஃபின் முதல் சுற்றில் எதிரே, அந்த சீசனில் 62 ஆட்டங்கள் வென்ற டாம்பா பே அணி. முதல் ஆட்டத்தில் 0-3 என்று பின்தங்கிய கொலம்பஸ்காரர்கள் 4-3 என்று வென்றார்கள். பிறகு அடுத்த மூன்றையும் வென்றார்கள். கொலம்பஸின் அரங்கத்தில் சொந்த அணி கோல் போட்டால் பீரங்கி முழங்கும். அங்கே நடந்த நான்காவது ஆட்டத்தில் அவர்கள் போட்டது ஏழு கோல்கள். 2000இல் தொடங்கிய அணிக்கு அதுவே முதல் ப்ளேஆஃப் தொடர் வெற்றி. ஜூலை முதல் நாளில் ஒருவர் நியூயார்க்குக்கும் மற்றவர் ஃப்ளோரிடாவுக்கும் போனார்கள். கொலம்பஸுக்குப் பதிலாக ஒன்றும் வரவில்லை.

உங்கள் அணி அப்படி ஒரு ஏப்ரலை எட்டும் பலம் கொண்டதா என்பதைப் போன சீசனைப் பார்த்து நீங்களே சொல்லலாம். பலம் இருந்தால் வைத்துக்கொள்ளட்டும். இல்லையென்றால், பதிலுக்கு நடுத்தர வீரர்கள் நால்வரை வாங்குவதைவிட, இருபது வயதைத் தாண்டாத ஒரு நல்ல வீரரையும் ஒரு முதல் சுற்று உரிமையையும் கேட்கட்டும்.