விடுதலைப் பத்திரம் எழுதினால் விவாகரத்து ஆகிவிடுமா?

கேள்வி: தேவகோட்டைப் பக்கத்துக் கிராமம் எங்களுடையது, நகரத்தார் குடும்பம். 2009இல் பெரியவர்கள் முன்னிலையில் முத்திரைத் தாளில் விடுதலைப் பத்திரம் எழுதிப் பிரிந்தோம். சீர்ச் சாமான்கள் திரும்பி வந்தன, கோர்ட்டுக்குப் போகவில்லை. அஞ்சல் துறையில் ஓய்வு பெற்றிருந்த அவர் சென்ற ஆண்டு காலமானார். காரைக்குடியில் இன்னொரு பெண்ணைக் கட்டி, பத்து வயதில் ஒரு மகன் இருக்கிறான். எனக்கு 21 வயதில் ஒரு மகள். ‘விவாகரத்தானவருக்குக் குடும்ப ஓய்வூதியம் கிடையாது’ என்கிறார்கள். மகளுக்காவது கிடைக்குமா?

பதில்: மகளைப் பிறகு பார்ப்போம் ஆச்சி. உங்களுக்கு விவாகரத்தே ஆகவில்லை என்றுதான் எனக்குப் படுகிறது.

1955ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டப்படி திருமணத்தை முறிப்பது நீதிமன்றத் தீர்ப்புதான். ஒரே விலக்கு, பிரிவு 29(2) காப்பாற்றும் வழக்காற்று விவாகரத்து. அப்படி ஒரு வழக்காறு உங்கள் சமூகத்தில் தொன்றுதொட்டு இருக்கிறது என்பதை, ‘விவாகரத்து ஆகிவிட்டது’ என்று வாதிடுபவரே நிரூபிக்க வேண்டும். 2002இல் உச்ச நீதிமன்றமும் இதைச் சொல்லியிருக்கிறது. இருபது பேர் கையெழுத்துப் போட்டதும் வெள்ளிப் பாத்திரம் வீடு திரும்பியதும் அதற்குப் போதாது.

நிரூபிக்க முடியாவிட்டால் நீங்களே அவர் மனைவி. காரைக்குடித் திருமணம் செல்லாது, அந்தப் பெண்ணுக்கு ஓய்வூதியம் இல்லை. பையனுக்கு மட்டும் பங்கு உண்டு. பீகார் அரசு ஊழியர் ஒருவரின் வழக்கில் 2000இல் உச்ச நீதிமன்றம் இப்படித்தான் தீர்ப்பளித்தது. அவனிடம் கோபப்பட்டுப் பயனில்லை. குடும்ப ஓய்வூதியம் பொதுவாகக் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம். அதில்தான் இந்தப் பங்கு.

திருமணத்துக்குச் சான்றா? பெட்டியைத் திறந்து இசைகுடிமானத்தை, அதாவது உங்கள் திருமண ஒப்பந்தத் தாளை, தேடுங்கள். இரு வீட்டாரும் ஒப்பமிட்ட இப்படியொரு தாள் மற்ற ஊர்க் கட்சிக்காரர்களிடம் இருப்பதில்லை. எனக்கு அதில் கொஞ்சம் பொறாமைகூட உண்டு. திருமணமான தம்பதிகளைப் பதியும் கோயில் புள்ளிக் கணக்கில் உங்கள் பதிவு இருந்தால் அதன் நகலும் வேண்டும்.

அலுவலகத்தில் வாய்ப்பேச்சோடு திரும்பாதீர்கள். விண்ணப்பம் கொடுத்து, மறுப்பை எழுத்தில் வாங்குங்கள். வாரிசுச் சான்றிதழில் தகராறு வந்தால் தாசில்தார் கோர்ட்டுக்குத்தான் அனுப்புவார். மனைவி என்ற நிலையை, ‘நான்தான் மனைவி என்று அறிவியுங்கள்’ எனக் கேட்கும் விளம்புகை வழக்குப் போட்டு நிலைநாட்ட வேண்டியிருக்கும்.

ஒருவேளை அவர் உங்களுக்குத் தெரியாமல் நீதிமன்றத்தில் ஒருதலைப்பட்சத் தீர்ப்பு வாங்கியிருந்தால், அது ரத்தாகாதவரை உங்களுக்கு ஓய்வூதியம் இல்லை. அப்போதும், விவாகரத்து ஆகாமல் இருந்தால் உங்களுக்கு வந்திருக்கும் பங்கு மகளுக்குப் போகும் என்பதே மத்திய அரசு விதி. அவளுக்குத் திருமணமோ சொந்த வருமானமோ வந்தால் அது நின்றுவிடும்.

விடுதலைப் பத்திரத்தை ஆத்திரத்தில் கிழித்துவிட வேண்டாம். அதில் ‘எங்கள் சமூக வழக்கப்படி’ என்று ஒரு வரி இருக்கிறதா என்று பார்த்து எழுதுங்கள்.